வேண்டும், வேணும், வோணும்

ஒரு குழந்தை நாலு வார்த்தை பேசினால் போதும், வீட்டில் அதனிடம் யார் பேசுகிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அம்மாவா, ஆயாவா, அங்கன்வாடி டீச்சரா என்பது வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். செங்கல்பட்டில் ஓர் அறையில் உட்கார்ந்தும், கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்குமான குப்பங்களில் முகாம் போட்டும் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பையில் இருக்கும் கருவிகளைவிட இந்த வால்தான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

முறுக்கைக் காட்டி ஒரு குப்பத்துப் பிள்ளை "வோணும்" என்றால் அது அம்மாவிடமோ ஆயாவிடமோ கற்றது. "வேணும்" என்றால் டீச்சரோ, சென்னைக்கு வேலைக்குப் போய்வரும் சித்தியோ உள்ளே இருக்கிறார்கள். "எனக்கு அது வேண்டும்" என்று எழுத்தெழுத்தாகத் திருத்தமாக வந்தால், நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கவனிப்பேன். ஏனென்றால் அப்படிப் பேசுகிற ஆள் அந்தக் குப்பத்தில் கிடையாது. தமிழ்நாட்டில் எந்த வீட்டிலுமே கிடையாது.

தேவனேரிப் பக்கத்துப் பையன் ஒருவன் அப்படித்தான் வந்தான். மூன்றரை வயது. "நல்லாத்தான் பேசறான் டீச்சர். எங்ககூடத்தான் பேசமாட்றான்" என்றாள் அவன் அம்மா. வலை பின்னிக்கொண்டிருந்த தாத்தாவுக்குப் பேரன் மேல் ஒரே பெருமை. மேடைப் பேச்சாளர் மாதிரி பேசுகிறானாம், கலெக்டர் ஆகிவிடுவானாம். பையன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நண்பர்களே, நாம் இப்போது எங்கே செல்ல வேண்டும்?" என்று கேட்டான். யாரையும் கேட்கவில்லை. பசித்தால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சோற்றுக் குண்டான் மேல் வைப்பானே தவிர, "சோறு" என்று ஒரு சொல் வராது. ஒரு கார்ட்டூனின் முழு அத்தியாயத்தையும் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை.

1959இல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர் அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹைத்தி கிரியோல் என்று நாலு மொழிச் சூழல்களை எடுத்துக்கொண்டு, இரட்டை வழக்கு என்றால் என்னவென்று ஒரு கட்டுரையில் வரையறுத்தார். ஒரே சமூகத்தில் எழுத்துக்கும் மேடைக்கும் ஒரு வழக்கு, வீட்டுக்கும் தெருவுக்கும் இன்னொன்று. அதைப் படிக்கிற எந்தத் தமிழருக்கும் "இது நம் கதையாச்சே" என்று தோன்றும். அடுத்த ஆண்டே மு. சண்முகம் பிள்ளை தமிழின் இலக்கிய வழக்கையும் பேச்சு வழக்கையும் பற்றி எழுதினார். ஃபெர்குசன் சொன்ன அடையாளங்களில் ஒன்று முக்கியமானது: உயர்ந்த வழக்கை யாரும் மடியில் படுத்துக் கற்பதில்லை, பள்ளியில்தான் கற்கிறார்கள். அவர் அதை எழுதியபோது தொலைக்காட்சி தமிழ்க் குழந்தைகளின் பக்கம் இன்னும் திரும்பவில்லை. தமிழில் அந்த விதி உடைந்தது 2007க்குப் பிறகு என்பது என் கணக்கு. அந்த ஆண்டில்தான் குழந்தைகளுக்கான தமிழ்ச் சேனலாகச் சுட்டி டிவி வந்தது.

துனிசியாவில் இதே கதையை அரபியில் கண்டிருக்கிறார்கள். அங்கேயும் வீட்டுப் பேச்சு வேறு, கார்ட்டூன்களின் அரபி வேறு. ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் வீட்டில் யாருமே பேசாத அந்த ஏட்டு அரபியைப் பேசுகிறார்கள் என்றும், திரையிலிருந்தே அதை எடுத்திருக்க வேண்டும் என்றும் 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. படித்ததும் எனக்குத் தேவனேரிப் பையன் நினைவுக்கு வந்தான். அவனுக்கும் ஆட்டிசம்தான் என்று பிறகு உறுதியானது. டிவி பார்த்ததால் அது வந்துவிடவில்லை. இதை ஒவ்வொரு அம்மாவிடமும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, பழியை அவள் தலையில் போட ஊரே தயாராக இருப்பதால். அந்தப் பிள்ளைக்கு மனித முகமும் அதன் பேச்சும் நிலையில்லாதவை, ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வருகிறவை. கார்ட்டூன் மாறாது. நேற்றுச் சொன்னதை அதே குரலில் இன்றும் சொல்லும். அதனால் அதைப் பிடித்துக்கொண்டான்.

அவனிடம் நான் கார்ட்டூன் தமிழிலேயே பேசத் தொடங்கினேன். "நண்பா, உனக்குத் தண்ணீர் வேண்டுமா?" பையன் தலையைத் திருப்பினான். அம்மாவையும் பழக்கினேன். நெத்திலியைக் கூடையில் அள்ளிக்கொண்டே அவள் "மகனே, நாம் இப்போது சோறு உண்ணலாமா?" என்று கேட்பதைப் பார்த்துத் தெருவே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் பையன் "உண்ணலாம்" என்றான். அந்த ஒரு சொல், யாரோ கேட்டதற்குப் பதிலாக வந்தது. பிறகு மாதக்கணக்கில், ஒவ்வொரு வாலாக நறுக்கி, உண்ணலாமாவைச் சாப்புடலாமாவாக்கி, வேண்டுமாவை வோணுமாவாக்கிக் கீழே இறக்கினோம்.

எங்கள் தொழிலுக்கு இந்தப் பக்கத்தில் பெயர் "ஸ்பீச்". "வெள்ளிக்கெழம பாப்பாக்கு ஸ்பீச் கீது" என்பார்கள். சாமான்கள் எளியவை: ஒரு கண்ணாடி, சோப்பு நுரைக் குப்பி, சொப்புச் சாமான், ரப்பர் மீன், இறுக்கமான மூடி போட்ட ஒரு டப்பா. காது கேட்கிறதா என்று பார்க்கும் கருவி மட்டும்தான் விலை உயர்ந்தது. மாமல்லபுரத்தில் அதை வைத்துச் சோதிப்பது பெரும் பாடு. நாலு பக்கமும் சிற்பக் கூடங்கள். உளிச் சத்தம்கூடப் பரவாயில்லை, கல் அறுக்கும் மெஷின் போட்டுவிட்டால் பெரியவர்களுக்கே ஒன்றும் கேட்காது. கரண்ட் போனால் எனக்குக் கொண்டாட்டம். என் கருவி பேட்டரியில் ஓடும், அவர்கள் மெஷின் ஓடாது. அந்த அரைமணியில் எத்தனை பிள்ளைகளை முடிக்கலாமோ அத்தனையையும் முடிப்போம்.

உச்சரிப்புச் சோதனைக்கு ஒரு படக்கட்டு உண்டு. அதில் வாழைப்பழம் வரும். இந்தப் பக்கத்துக் குழந்தை "வாயப்பயம்" என்று சொல்லும். புதிதாகப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் உடனே ழகரத்துக்கு நேரே பெருக்கல் குறி போடுவார்கள். கூட வந்த ஆயாவைச் சொல்லச் சொல்லு என்பேன். ஆயாவும் வாயப்பயம், அம்மாவும் வாயப்பயம். தொண்டை மண்டலத்தில் பல தலைமுறைகளாக அப்படித்தான். தெற்கே போனால் வாளப்பளம். குழந்தை தன் வீட்டு ஒலியைப் பிசகாமல் பிடித்திருக்கிறது என்றால் அதற்கு முழு மதிப்பெண் போட வேண்டும். அதே குழந்தை "தாத்தா"வை "காக்கா" என்றால் அது வேறு விஷயம், அங்கே நான் வேலையைத் தொடங்குவேன். ழகரம் காப்போம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஒருநாள் என் அறையில் வந்து உட்கார்ந்தால் நன்றாக இருக்கும்.

தமிழ்க் குழந்தை பேச்சுக்குள் வரும் வழி அழகானது. முதலில் பெரியவர்கள் அதற்கென்றே வைத்திருக்கும் சொற்கள்: மம்மு, பாச்சி, உவ்வா, தாச்சி. உதட்டிலும் பல்லுக்குப் பின்னாலும் பிறக்கிற ஒலிகள், அழுத்தி இரட்டித்தவை. பிறகு ஏவல்: தா, வா, போ. நம் மொழியில் வினையின் வேரே ஏவலாக இருப்பது குழந்தைக்கு எவ்வளவு வசதி! ஓரெழுத்தைச் சொன்னால் ஒரு பெரிய ஆள் எழுந்து வருகிறார். அதற்கப்புறம் வால்கள் ஒட்டத் தொடங்கும். இரண்டு வயதையொட்டிய தமிழ்க் குழந்தைகள் வேற்றுமை உருபுகளையும் வினை விகுதிகளையும் அதிகப் பிழையில்லாமல் கையாள்வதை ராகவேந்திராவும் லெனார்டும் 1989இல் எழுதிக்காட்டினார்கள். ஆங்கிலக் குழந்தை அந்த வயதில் விகுதிகளை உதிர்த்துவிட்டுத் தந்தி பாணியில் பேசும். நம் குழந்தை "ஆயாக்கு", "கட்டல்ல", "வந்துச்சு" என்று வாலோடுதான் பேசும்.

மறுப்புதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஆங்கிலக் குழந்தை "நோ" என்ற ஒற்றைச் சொல்லால் ஆரம்பத்தில் எல்லா மறுப்பையும் சமாளித்துவிடலாம். தமிழில் முடியாது. மீன் கூடையில் தேடி, கிடைக்காவிட்டால் "இல்ல". கொடுப்பதைத் தள்ளினால் "வோணாம்". குளிக்கக் கூப்பிட்டால் "மாட்டேன்". மூடி திறக்காவிட்டால் "முடில". கேள்வி கேட்டால் "தெரில". தம்பி மண்ணைத் தின்றால் "கூடாது". பொருள் இல்லாமை, விருப்பம் இல்லாமை, சம்மதியாமை, இயலாமை, அறியாமை, சட்டம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல், இடம் மாற்றிப் போட்டால் சிரிப்பார்கள். தமிழ்க் குழந்தைகளின் மறுப்பைப் பற்றி ஆர். வைத்தியநாதன் 1991இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். நான் முகாமில் ஒரு பிள்ளையைப் பார்க்கும்போது இந்த வரிசையைத்தான் தேடுவேன். மூடிய கையைத் திறந்து வெறுமையைக் காட்டுவேன், "இல்ல" வருகிறதா பார்க்க. நாரத்தங்காய் ஊறுகாயை நீட்டுவேன், "வோணாம்" வருகிறதா பார்க்க. கடைசியில் அந்த இறுக்கமான டப்பாவுக்குள் மிட்டாயைப் போட்டு மூடிக் கையில் கொடுப்பேன்.

கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன். எங்கள் தொழிலில் கடினமான பகுதி இதுதான். குழந்தை டப்பாவைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், திருகும், தரையில் தட்டும். அம்மாவுக்குப் பொறுக்காது, பாய்ந்து திறந்துவிடுவாள். அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். கொஞ்ச நேரம் காத்தால், ஒரு பார்வை, ஒரு "ம்", ஒரு "தொத" ஏதாவது வரும். வந்ததும் திறந்துவிட வேண்டும், அது எவ்வளவு கோணலாக இருந்தாலும். தன் வாயிலிருந்து போன ஒலி ஒரு மூடியைத் திறந்தது என்பது குழந்தைக்குத் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் இதன் மேல் கட்டுவதுதான்.

இப்போது கார்ட்டூனுக்கு வருகிறேன். சுட்டி டிவியில் 'டோராவின் பயணங்கள்' ஓடிய காலத்தில் இந்தக் கடற்கரையில் டோரா பொட்டு, டோரா பை, டோரா செருப்பு. குழந்தைகளும் அம்மாவிடம் டோராத் தமிழ் பேசத் தொடங்கியிருந்தன. 2000இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்தத் தொடர் அங்கே ஆங்கிலக் குழந்தைகளுக்கு இடையிடையே ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தது. தமிழுக்கு வந்தபோது ஸ்பானிஷின் இடத்தில் ஆங்கிலம் உட்கார்ந்துகொண்டது. முன்பு ஆங்கிலம் இருந்த இடத்தில் உட்கார்ந்தது யாருடைய தமிழ்? கோயம்புத்தூருக்கும் நாகர்கோவிலுக்கும் கோலாலம்பூருக்கும் ஒன்றாகப் போக வேண்டும் என்றால் எந்த ஊர்ப் பேச்சையும் வைக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு டப்பிங் எழுத்தாளர் வேறொரு காரணமும் சொல்வார். பொம்மையின் வாய் மூடும் இடத்தில் பகரமோ மகரமோ விழ வேண்டும், வாய் அசைந்துகொண்டே இருந்தால் அதை நிரப்ப வேண்டும். "போய்க்கிட்டிருக்கேன்" போதாத இடத்தில் "சென்றுகொண்டிருக்கிறேன்" கைகொடுக்கும். குழந்தைகளின் காதில் விழும் தமிழ் இப்படி ஒரு பொம்மையின் உதட்டு நீளத்தாலும் தீர்மானமாகிறது.

அந்தத் தொடரில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. டோரா கேள்வி கேட்டுவிட்டு நிற்பாள். குழந்தை பதில் சொல்வதற்கென்றே விட்ட மௌனம் அது. 2005இல் லைன்பார்கர், வாக்கர் இருவரும் வெளியிட்ட ஆய்வில், டோரா போலக் கேட்டுக் காத்திருக்கும் நிகழ்ச்சிகளைப் பார்த்த சிறு குழந்தைகளுக்குச் சொல்வளம் கூடுதலாகவும், டெலிடப்பீஸ் பார்த்தவர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. ஆனால் டோரா காத்திருப்பாளே தவிர அவளுக்குக் காது கேட்காது. மலை எங்கே என்று கேட்டதற்கு என் அறையில் ஒரு வாண்டு "பிஸ்கோத்து" என்றது. டோரா பாராட்டிவிட்டுக் கிளம்பினாள்.

செல்போன் வந்தபிறகு அந்த மௌனமும் போயிற்று. 2013இல் சென்னையிலேயே தொடங்கிய சுசு டிவி என்ற யூடியூப் சேனல் உலகம் முழுக்கக் குழந்தைகளைப் பிடித்தது. பட்டிபுலத்திலும் பிடித்தது. ஆங்கிலப் பாட்டுகளை அட்சரம் தவறாமல் பாடும் இரண்டரை வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். அந்தப் பாட்டில் வருகிற வாத்தையே பொம்மையாகக் கையில் கொடுத்து "இது இன்னா?" என்றால் விழிக்கிறார்கள். வாத்து என்றும் வராது, ஆங்கிலத்திலும் வராது. பாட்டு ஒரே நீளக் கயிறாக உள்ளே கிடக்கிறது, நடுவில் ஒரு சொல்லைத் தனியாக உருவ முடியவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா குல் 2003இல் வெளியிட்ட ஆய்வை அம்மாக்களுக்குக் கதையாகச் சொல்வேன். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு தடவை சீன மொழியில் புத்தகம் படித்தும் பொம்மை காட்டியும் பேசினார்கள். நேரில் ஆள் பேசிய குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்களை அதே பேச்சோடு வீடியோவில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ஒலியை மட்டும் கேட்டவையும் அப்படித்தான். "அப்போ அந்த ஆளு டிவில வந்தா வேற ஆளா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. டிவியில் வந்தால் குழந்தை எங்கே பார்க்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரியாது.

வீடியோ கால் அப்படியல்ல. இரண்டு வயதுக் குழந்தைகள் எதிரே இருப்பவர் தங்களைப் பார்த்துப் பதில் சொல்கிற வீடியோ காலிலிருந்து புதுச் சொற்களைக் கற்கிறார்கள், பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்பதில்லை என்று 2014இல் ஓர் ஆய்வு சொன்னது. துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கும் அப்பாக்களுக்கு இதை நான் மருந்துச் சீட்டு மாதிரி எழுதிக் கொடுக்கிறேன்: தினமும் பேசுங்கள், சாப்டியா தூங்கினியா என்று கேட்டுவிட்டு வைக்காதீர்கள், குழந்தை எதைக் காட்டுகிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள்.

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், நாலு வயது வரை ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்கிற மாதிரி 2019இல் உலக சுகாதார நிறுவனம் வரையறை தந்தது. சரியான அறிவுரைதான். விடிவதற்கு முன் ஏலத்துக்குப் போய் மதியம் திரும்புகிறவளிடம் அந்தத் தாளை நீட்ட எனக்குக் கை வருவதில்லை. செல்போன் அவள் வீட்டில் ஆயா இல்லாத நேரத்து ஆயா. எடுத்துவிடு என்று சொல்கிறவள் அந்த இடத்தில் வேறு யாரை வைப்பது என்றும் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் இது முற்றிவிட்டது. அங்கன்வாடி மூடல், தெருவில் பிள்ளைகள் இல்லை, வருகிற ஒன்றிரண்டு பெரியவர்களுக்கும் முகக்கவசம். உதட்டைப் பார்த்து மகரத்தையும் பகரத்தையும் பிடிக்க வேண்டிய வயதில் உதடே இல்லாத ஊர். அந்த ஆண்டுகளில் பிறந்தவர்கள் பிறகு வரிசையாக என்னிடம் வந்தார்கள். பலருக்குக் கோளாறு ஒன்றுமில்லை. பேச ஆள் கிடைத்ததும் சில மாதங்களில் சரியானார்கள்.

கல்பாக்கம் நகரியம் தனிக் கதை. அணுமின் நிலையமும் ஆராய்ச்சி மையமும் இந்தியா முழுவதிலுமிருந்து ஆட்களைக் கூட்டி வந்திருக்கின்றன. வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் வங்காளம், காய்கறிக்காரரிடம் தமிழ், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். பேச்சு தாமதமானால் உடனே மொழிகள் மேல் பழி விழும். ஒரு தெலுங்குத் தாய்க்கு யாரோ ஒரு நிபுணர், இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவள் ஆங்கிலம் வங்கிப் படிவம் நிரப்பும் அளவுக்கானது. அதை வைத்துக்கொண்டு குழந்தையைக் கொஞ்ச முடியுமா, திட்ட முடியுமா, கதை விட முடியுமா? கொஞ்ச நாளில் அவள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். இரண்டு மூன்று மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. அம்மா வாயடைத்துப் போனால் வரும் தொல்லை அதைவிடப் பெரியது. தெலுங்குக்குத் திரும்பிப் போகச் சொன்னேன். போகிறபோதே வாசலில் மகனைத் தெலுங்கில் விரட்டினாள், எனக்கு நிம்மதியாக இருந்தது.

மொழிக் குழப்பம் என்று யாராவது சொன்னால் ஐந்து ரதத்து வாசலைக் காட்டுவேன். பாசிமணி விற்கிற நரிக்குறவர் பெண்களோடு திரியும் பிள்ளைகளுக்கு வீட்டில் வாக்ரிபோலி. கடைக்காரரிடம் தமிழ். வடக்கிலிருந்து வருகிறவர்களிடம் இந்தி. வெள்ளைக்காரர் இறங்கினால் இங்கிலீஷ், சிலபேரிடம் இரண்டு வரி பிரெஞ்சும் உண்டு. எண்கள், விலை, சும்மா பாருங்கள், கடைசி விலை. பதில் வருகிற அளவுக்குத்தான் ஒவ்வொரு மொழியும் இருக்கிறது, அந்த அளவுக்குக் கச்சிதமாக இருக்கிறது.

செய்தி சேனல்களின் தமிழும் பிள்ளைகளிடம் வருகிறது. "தம்பி அதிரடியா உழுந்துட்டான்" என்று ஒரு அக்கா என்னிடம் முறையிட்டாள். எஃப்எம்மின் தமிங்கிலம் பற்றி நிறையப் பேர் நிறையத் திட்டிவிட்டார்கள், நான் சேர்க்க ஒன்றுமில்லை. அந்தக் காலத்து வானொலியைப் பற்றி மட்டும் ஒரு வரி சொல்ல வேண்டும். சென்னை வானொலியின் சிறுவர் நிகழ்ச்சியை நடத்திய கூத்தபிரானை வானொலி அண்ணா என்றே கூப்பிட்டார்கள். குழந்தைகளே நிலையத்துக்கு வந்து பேசின, அண்ணா பதில் பேசினார். முறை வைத்தழைக்க ஓர் ஆள் இருந்தார்.

கடைசியாக, சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பத்துப் பெண் ஒருத்தி. பிறவியிலேயே காது கேட்காது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவியை இலவசமாக வைக்கிறார்கள். இவளுக்கு மூன்று வயதில் வைத்தார்கள். வைத்ததும் பேச்சு வந்துவிடும் என்று வீட்டில் நினைப்பார்கள். அறுவை ஆறி, கருவியை இயக்கிவிட்ட நாளிலிருந்துதான் கேட்கும் வயதை எண்ணத் தொடங்க வேண்டும். அன்றைக்குத்தான் காது பிறக்கிறது. ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்று ஆறு ஒலிகளைத் தினமும் காலையில் வாயை மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்க வேண்டும், ஆறும் கேட்டால் மெஷின் சரி. கடற்கரையில் உப்புக் காற்றும் ஈரமும் கருவிக்கு எமன். ராத்திரி அதைக் கழற்றி ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். அந்த வீட்டில் இதையெல்லாம் பிசகாமல் செய்தது எழுதப் படிக்கத் தெரியாத ஆயா.

காக்ளியர் பிள்ளைகளின் வீட்டுக்கு நாங்கள் கொடுக்கும் தாளில் முதல் வரி: டிவியை அணைத்து வையுங்கள். பின்னணிச் சத்தம் இருந்தால் கருவிக்குப் பேச்சைப் பிரித்தெடுப்பது கஷ்டம். ஒரு மதியம் அந்த வீட்டுக்குப் போனேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. மீன் விற்றுவிட்டு வந்த ஆயா கால் நீட்டி உட்கார்ந்து சீரியல் பார்க்கிறாள், மடியில் பேத்தி. நான் வாயைத் திறப்பதற்குள் ஆயா ரிமோட்டை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தினாள். எனக்காக இல்லை, விளம்பரம் வந்துவிட்டது.

"இவ யாரு?" என்றாள் ஆயா.

"மருமக."

"இன்னா பண்ணா?"

"அயுதா."

"ஏன் அயுவறா?"

பிள்ளை யோசித்தது. "அந்த பாட்டி அடிச்சிச்சி."

நான் பாயில் உட்கார்ந்துவிட்டேன். "ஏன்" என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளை பதில் சொல்லி நான் கேட்டதில்லை, என் அறையில் படம் காட்டிக் காட்டி ஓய்ந்திருந்தேன். சீரியலை வசை பாடுவது சுலபம், எழுத்துலகில் அதற்குக் கைதட்டலும் உண்டு. என் தொழில் கண்ணால் பார்த்தால் அது வேறு மாதிரி தெரிகிறது. முகங்கள் திரை நிறைய வருகின்றன, உதடு நன்றாகத் தெரிகிறது. ஒருத்தி ஒரு வாக்கியம் சொன்னால் நாலு பேர் முகத்தை மூன்று தடவை காட்டும்வரை அடுத்த வாக்கியம் வராது. நேற்று நடந்ததை இன்று முதலில் திரும்பக் காட்டுகிறார்கள். கோபம், அழுகை, பொறாமை எல்லாம் அடுத்த தெரு வரைக்கும் விளங்கும். ஒரு பயிற்சிப் பாடம் தயாரிக்க உட்கார்ந்தால் நானே இப்படித்தான் அமைப்பேன். ஆனால் ஆயா பக்கத்தில் இல்லாமல் அந்தச் சீரியல் அந்தக் குழந்தைக்கு வெறும் இரைச்சல். அவள் தன் பாட்டுக்குச் சத்தத்தை நிறுத்துகிறாள், கேட்கிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள், தப்பாகச் சொன்னால் மறுக்கிறாள், வில்லியைத் தன் பங்குக்கு நாலு வார்த்தை திட்டுகிறாள். அதுவரை படமாக மட்டும் இருந்த "பாவம்", "பொய்", "வேணும்னே பண்ணா" எல்லாம் அந்த மடியில் சொல்லாகின.

அதற்குப் பிறகு அந்தத் தாளின் முதல் வரியை எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுப்பதில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு இருக்கிறார்கள், வாயாடுகிறவர்களா என்று விசாரித்துவிட்டு எழுதுகிறேன். வாயாடி ஆயா இருந்தால் சீரியலுக்கு அனுமதி உண்டு, விளம்பரத்தில் சத்தத்தை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. உடன் வேலை பார்ப்பவர்களில் சிலருக்கு இதில் சம்மதமில்லை. காலையில் கருவிச் சோதனை முடிந்து, ஆறு ஒலியும் பிடிபட்டு, ஒரு பெரியவரோடு உட்காருகிற குழந்தைக்கு மட்டும்தான் இது என்று அவர்களிடம் சொல்லிவிடுவேன்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பள்ளிக்கூட வயது. போன தடவை போனபோது கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு முக்காலி மேல் நின்றிருந்தாள். சீரியலுக்கு அப்புறம் செய்தியும் பார்க்கிறார்களாம்.

"வணக்கம். இன்றைய முக்கியச் செய்திகள். ஆயா இன்று மீன் விற்றார். ஒரு கூறு நெத்திலி நூறு ரூபாய்க்கு விற்கப்பட்டது."

மற்ற நேரத்தில் அவளுக்கு "ஆயா வந்துச்சி, ஆயா போச்சி"தான். மைக் பிடித்தால் "விற்றார்".

அடுப்படியிலிருந்து ஆயாவின் குரல் வந்தது. "நூறு இல்லடி. நூத்தியிருவது."

செய்தி வாசிப்பாளர் தலைமுடியைச் சரி செய்துகொண்டாள். "மன்னிக்கவும். நூற்று இருபது ரூபாய்."